கடைசியாகக் கடந்தவள்

கம்பி வலையின் முனையை முதல் கல்லுக்காலில் இழுத்துக் கட்டி, வேலி மேஸ்திரி ஆரோக்கியம் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். ணங்கென்று கேட்டது. ஒன்று என்று தெய்வானை எண்ணிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். அதுவும் பன்னிரண்டு மணிக்குள். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் அம்மாவை வண்டியில் ஏற்றித் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று பக்கத்துக் காட்டுப் பாவாத்தாளின் மகன் கனகராசு நேற்றே சொல்லிவிட்டான். கம்பி வடக்கு மூலையில் தொடங்கித் தெற்கே போகிறது. மொத்தம் முப்பத்திரண்டு கல்லுக்கால். முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து இருக்கிறது. தெய்வானையின் காட்டுக்கும் பாவாத்தாளின் காட்டுக்கும் இடையே நிற்கிற கிளுவை வேலியில், ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்துக்கு ஒரு வழி. இருபத்தேழு வருசமாக இரண்டு பேரும் அந்த வழியாகத்தான் போக வர இருந்தார்கள். கம்பி அங்கே போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும். அக்கா, அன்னைக்கு முள்ளைச் சாத்தாம உட்டது நீங்க இல்லீங், நாந்தானுங். இவ்வளவுதான், ஒரு மூச்சுக்கு மேல் ஆகாது. அந்த ஒரு மூச்சை இரண்டு மாசமாக நெஞ்சுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறாள். ஐம்பத்தொன்பது வயசில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறாள், சம்பந்தி வீட்டில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டவள்தான், பால் சொசைட்டிக்காரனை நடுரோட்டில் நிறுத்தி வைத்துப் பேசியவள்தான். வாய் இல்லாதவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது காலில் மேஸ்திரியின் மச்சினன் கட்டுக்கம்பியை முறுக்க ஆரம்பித்தான்.

சந்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் உட்கார்ந்து போட்டதில்லை, தானாக வந்தது. பகலெல்லாம் சந்து திறந்து கிடக்கலாம். பொழுது இறங்கினால், கடைசியாகக் கடந்தவள் முள்ளைச் சாத்த வேண்டும். வேலாமுள் கட்டு ஒன்று வேலியோரம் கிடக்கும், பக்கத்தில் ஒரு கவைக்கோல். கோலால் முள்ளைத் தூக்கிச் சந்தில் வைத்து, அதே கோலால் ஓர் அழுத்து அழுத்தினால் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அப்படிப்பட்ட வேலையில்தான் வினையே இருக்கிறது, செய்தோமா இல்லையா என்று மனசு கவனித்து வைப்பதில்லை. ஆடி மாசம் அன்றைக்குப் பாவாத்தாள் இந்தப் பக்கம் வந்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் திரும்பினாள். திரும்பினவள் முள்ளைச் சாத்தினாள். தெய்வானை கண்ணால் பார்த்தாள். கோலை வேலியில் சாய்த்து வைத்ததும், சேலையில் பிடித்த முள்ளை உதறிக்கொண்டே நடந்ததும் இப்போது பார்ப்பது போல இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் தெய்வானைக்குத் தன் அரிவாள் ஞாபகம் வந்தது. மத்தியானம் அந்தப் பக்கத்து வெள்வேல மரத்தடியில் இரண்டு பேரும் சாப்பிட்டபோது அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டு வருகிறவள்தான் அவள். கழுத்துல ஒட்டிட்டு இருக்கறதால உன்ற தலை தப்பிச்சுது என்று அவள் புருசன் இருந்த வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். முள்ளை விலக்கிவிட்டுப் போனாள். பாவாத்தாள் வீட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், இவள் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. அரிவாளோடு சந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து கவைக்கோலைக் கையில் எடுத்தாள். எடுத்தாளா? எடுத்தாள், உள்ளங்கையில் அந்தச் சொரசொரப்பு இருக்கிறது. போன் அடித்தது. ஈரோட்டிலிருந்து மகள். அந்த இடத்தில் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும், கிணற்று மேட்டுக்கு ஏறினால்தான் டவர். அலோ அலோ என்று கத்திக்கொண்டே கோலைக் கீழே போட்டுவிட்டு மேட்டைப் பார்க்க நடந்தாள். மகள் என்ன பேசினாள் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டாள், வரவே மாட்டேன் என்கிறது. மிக்சி ரிப்பேர் என்றாளோ, மாமியார் ஏதோ சொன்னார் என்றாளோ. பதினோரு உயிரை வாங்கின பேச்சு என்ன பேச்சு என்றுகூடத் தெரியவில்லை. பேசி முடித்ததும் மேட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், சோறு தின்று, படுத்துத் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள்.

ஆறாவது கால். வெயில் ஏற ஏறக் கிளுவைப் பால் வாசம் வந்தது, கம்பி போக வழி வேண்டும் என்று நீட்டிக்கொண்டிருந்த கொப்புகளைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஆடிக் காற்று. கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காது. நாய்கள் ரோட்டுப் பக்கமிருந்து தெய்வானை காட்டுக்குள் நுழைந்து, சந்து வழியாக அந்தப் பக்கம் போயிருக்கின்றன. தெய்வானையின் ஆடுகள் பொழுது இறங்கினால் கொட்டகைக்கு வந்துவிடும். பாவாத்தாள் தன் வேலியை நம்பி ஆடுகளைக் காட்டிலேயே விட்டிருந்தாள். அவள் வேலி அப்படி, ஓணான்கூட வழி கேட்டுத்தான் நுழைய வேண்டும். காலையில் பார்த்தால் பதினாறு உருப்படியில் பதினொன்று கிடந்தது. தின்னக்கூட இல்லை, கழுத்தைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. ஒரு சினையாடு வேலியை ஒட்டி முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தது, உயிரோடுதான் இருக்கிறதாக்கும் என்று கிட்டப் போய்த் தொட்டபோது சாய்ந்தது. ஊர் ஆளுகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். காலடித் தடம் பார்த்துச் சந்துக்கு வந்தார்கள். முள் ஒதுங்கிக் கிடந்தது. தெய்வானை அப்போதுதான் பார்த்தாள், கோல் கிடந்த இடத்தையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். திறந்தது நிஜம், அதைச் சாமி கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அவளுக்கு முன்னால் பாவாத்தாள் பேசிவிட்டாள். நாந்தான் சாத்தாம உட்டுட்டேன் போலிருக்குது, சாத்துனாப்ல நெனப்பிருக்குது, சாத்துல என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தர் வயசாவுதில்லீங் ஆத்தா என்றார். அவ்வளவுதான். தெய்வானை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அடிச்சுக்காதீங்கக்கா, அடிச்சுக்காதீங் என்றாள். பார்த்தவர்கள் எல்லாம் என்ன பாசம் என்றார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினது போல என்று சொல்லுவார்கள், அந்தத் திருடன்கூட இருட்டில் தனியாகத்தான் நின்றிருப்பான். இவளை நடுவில் நிறுத்திப் பத்துப் பேர் மெச்சினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் சொல்லியிருக்கலாம். புதைத்து முடித்துவிட்டு வெறும் காட்டில் பாவாத்தாள் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். துக்கத்தில் இருக்கிறவளிடம் போய் இதைச் சொல்வதா என்று தோன்றியது. மறுநாள், மகன் வந்திருக்கிறான், அவன் போகட்டும் என்று தோன்றியது. அவன் போன பிறகு, இத்தனை நாள் சொல்லாமல் இப்போது சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று தோன்றியது. செத்தது ஆடு, திரும்பி வரப்போவதில்லை, யார் சாத்தவில்லை என்பதில் என்ன இருக்கிறது என்றுகூட ஒருநாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆட்டோடு போயிருந்தால் சரி. போகவில்லையே. கனகராசு எல்லாவற்றையும் கோத்துப் பார்க்க ஆரம்பித்தான். போன வருசம் அம்மா மோட்டாரை நிறுத்தாமல் தூங்கியதையும் தீவாளிக்குப் பேரனுக்கு இரண்டு தடவை ஒரே அளவில் சட்டை எடுத்ததையும் இதையும் சேர்த்து, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, தனியாக விட முடியாது என்று ஒரு மாலையாகக் கட்டிவிட்டான். திருப்பூரில் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் என்ன மாசம் என்று கேட்டாராம். ஆடி என்று சொன்னாளாம் பாவாத்தாள். தேதி? பதினெட்டு முடிஞ்சு நாலாம் நாளுங் என்றாளாம். அவருக்கு ஆகஸ்டு வேண்டியிருந்ததாம், சீட்டில் ஏதோ எழுதினாராம். இதை வந்து பாவாத்தாளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, சிரிப்பு நின்ற பிறகு, ஏன் அம்மிணி, டாக்டர்கிட்டப் போன அன்னைக்கு நாலாம் நாள்தானே என்று கேட்டாள். ஆமாங்கக்கா, நாலாம் நாள்தான் என்றாள் தெய்வானை. அதைச் சொல்லத் தெரிந்தது. பக்கத்திலேயே இருந்த இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றார் ஆரோக்கியம். "நாய் ரோட்டுப் பக்கமிருந்து வருதுன்னு சொல்றீங்க. ரோட்டுப் பக்கம் அப்படியே கிடக்கு. இந்தப் பக்கம் எதுக்குக் கம்பி?"

மேஸ்திரி திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஊர் சேதி தெரியாது, வேலியை வேலியாகப் பார்க்கிறவர். தெய்வானை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மொதல்ல இது ஆவட்டுமுங், அக்கா காட்டைக் குத்தகைக்கு உடறாங்க, வர்றவன் மாடு உடுவான், அதுக்குத்தானுங் என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போல, கேட்டதற்கு மேலே இரண்டு காரணம். ஊரிலும் இதையே சொன்னாள், ஊரும் நம்பியது. நிஜக் காரணம் அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்து கொட்டகைக் கதவைத் திறந்தால் நேர் எதிரே அது நிற்கிறது, முள் சாத்தியிருந்தாலும் அது அவளுக்குத் திறந்துதான் கிடக்கிறது. அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். மேஸ்திரியிடம் போனில் பேசியபோது ஒரு நிம்மதிகூட வந்தது. இப்போது கல்லுக்கால் ஒவ்வொன்றாகக் கம்பி நெருங்க நெருங்க, தன் வாயைத்தான் ஆள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. முள்ளையாவது விலக்கலாம். மேஸ்திரியின் முறுக்கு ஒவ்வொன்றும் குறடு வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பத்தாவது காலைத் தாண்டும்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பாவாத்தாள். மூட்டை கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள், ஊருக்குப் போகிறவள் என்பதால் நல்ல சேலை, அதன் தலைப்பில் நாலைந்து முடிச்சு. இது இந்த இரண்டு மாசப் பழக்கம், மறக்கக் கூடாததற்கு எல்லாம் ஒரு முடிச்சு. கிளுவைக் கொப்பை விலக்கிக்கொண்டு கம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங் மேஸ்திரி, சின்னக் கட்டமில்லீங் கீழ வரோணும்? பெருங்கட்டம் கீழ வந்தா ஆட்டுக்குட்டி தலையைக் குடுத்துட்டுப் பொறத்தாண்ட எடுக்க மாட்டாம நிக்குமுங்."

ஆரோக்கியம் குனிந்து பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். வலைச் சுருளைத் தலைகீழாகப் பிரித்திருந்தான். அடியில் வர வேண்டிய நெருக்கமான கட்டங்கள் உச்சியில் போயிருந்தன. மச்சினன் தலையைச் சொறிந்தான். கட்டினதை எல்லாம் அவிழ்த்து, வலையைத் திருப்பி, முதல் காலிலிருந்து மறுபடி. அந்தம்மாவுக்கு என்ன கண்ணு என்று மேஸ்திரி முணுமுணுத்தார். தெய்வானை காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள், ஒவ்வொரு காலாக எண்ணிக்கொண்டு நிற்கிறாள், அவள் கண்ணில் படவில்லை. பாவாத்தாளுக்கா மறதி? இவளுக்கா புத்தி மங்கிவிட்டது? இப்போது சொல்லு, தெய்வானை, இப்போது சொல்லு. வேலி இருக்கிறது, முகத்தைக்கூட முழுசாகப் பார்க்க வேண்டாம். பாவாத்தாள் கொப்பை விட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பினவள் நாலு அடி போய் நின்று, தலைப்பு முடிச்சு ஒன்றைத் தடவிப் பார்த்து, இது எதுக்குப் போட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டது இங்கே வரை காதில் விழுந்தது. தெய்வானை மேஸ்திரி பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டினதை அவிழ்த்ததில் ஒரு மணி நேரம் கூடக் கிடைத்திருக்கிறது, சாமியே பார்த்துக் கொடுத்த ஒரு மணி நேரம், இன்னொரு தடவை கொடுக்காது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் அவசரம் கொஞ்சம் குறைந்து போனது. அதுதான் அவள் புத்தி.

மோர் கரைத்தாள். உப்புப் போட்டாளா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டாள். சொம்பைத் தூக்கிக்கொண்டு சந்துக்குப் போனபோது கம்பி பதினாறாவது காலில் இருந்தது. வெறும் கையோடு போனால் கால் வராது, கையில் ஒன்று இருந்தால் போகிறதுக்கு ஒரு காரணம். ஒருக்களித்து நுழைந்தாள். அந்தப் பக்கத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது, மேய ஆடு இல்லாத காட்டில் புல்லுக்கு என்ன திமிர். மிச்சமிருந்த ஐந்தையும் போன வாரம் சந்தைக்கு ஏற்றியாகிவிட்டது. வெள்வேல மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து மழமழத்துப் போன அதே இரண்டு கல். பாவாத்தாள் ஒரு வாய் குடித்துவிட்டு உப்புத் தூக்கலாக இருக்கிறது என்றாள், குடித்தும் முடித்தாள். திருப்பூரில் மாடி வீடாம், மருமகள் நல்ல மாதிரிதானாம், அடுப்பை மட்டும் அத்தை நீங்க தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம். நல்லதுக்குத்தானே சொல்றா, நான் பத்த வெச்சுட்டு மறந்துட்டா எல்லாருமில்ல போவோணும் என்றாள் பாவாத்தாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் தெய்வானைக்குத் தாங்கவில்லை. ஆடு செத்த அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாலும், அடுத்த பத்து நாள் வரைக்கும் பாவாத்தாள் சண்டை போட்டாள், நான் சாத்துனேன், எனக்குத் தெரியும், சாத்துனேன் என்று மகனோடு மல்லுக்கு நின்றாள். அப்புறம் சாத்துனாப்லதான் இருக்குது என்றாள். அப்புறம் தினமும் பொழுது இறங்கினால் சந்துக்கு வந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போவாள், வீடு வரை போய் மறுபடி வருவாள், மூன்றாம் தடவை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு, அம்மிணி, முள்ளு சாத்திருக்குதான்னு பாரு என்பாள். காக்க ஆடு இல்லாத காட்டுக்கு முள். சாத்திருக்குதுங்கக்கா என்று இவளும் தினமும் சொன்னாள். பயந்து பயந்தே பாவாத்தாள் நிஜமாகவும் இரண்டொன்று மறக்க ஆரம்பித்தாள். ஒரு ஆளுக்கு மறதியை இப்படித்தான் ஊட்டுவார்கள் போலிருக்கிறது, பக்கத்திலேயே இருந்து, பாசமாக, ஒவ்வொரு வாயாக. அக்கா என்றாள் தெய்வானை. ம் என்று நிமிர்ந்தாள் பாவாத்தாள். தெய்வானை காலிச் சொம்பைக் கல்லுக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தாள். அக்கா, நான் ஒண்ணு... என்று ஆரம்பித்தாள். வண்டிச் சத்தம் கேட்டது. கனகராசு டெம்போவைக் காட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

"சின்னம்மா, நீங்க இருந்தீங்கன்னுதான் நான் இத்தன வருசம் அங்க நிம்மதியா இருந்தேனுங்" என்றான். "அம்மா ஒண்ணை மறந்தாலும் நீங்க பாத்துக்குவீங்கன்னு."

அவன் கண் கலங்கியிருந்தது. நல்ல பையன், நாற்பத்திரண்டு வயசுப் பையன். தெய்வானை எழுந்துவிட்டாள். கம்பியைப் பாக்கோணும், ஆளுக இருக்கறாங்க, இதோ வந்துர்றேன் என்று என்னவோ சொல்லிவிட்டு வேகமாகச் சந்தைப் பார்க்க நடந்தாள். கொழுக்கட்டைப் புல்லின் பூ சேலையெல்லாம் ஒட்டியது. மகன் இருக்கும்போது எப்படிச் சொல்வது. மகன் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும், அவனுக்குத்தான் தெரிய வேண்டும், அவன்தான் கூட்டிப்போகிறான். இரண்டும் தெரிந்தது, கால் மட்டும் நிற்கவில்லை. சந்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, வழக்கம் போலக் குனிந்து கவைக்கோலைத் தேடினாள். பகலில் எதற்கு. கோல் அங்கே இல்லை, மேஸ்திரியின் மச்சினன் அதை வலைச் சுருளைத் தள்ள எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

இருபதாவது கால். இருபத்து மூன்று. ஆளுகள் இப்போது வேகம் பிடித்துவிட்டார்கள், ஒருத்தர் கடப்பாரையைக் கம்பிக்குள் கொடுத்து நெம்பிப் பிடிக்க ஒருத்தர் கட்டிக்கொண்டே போனார். தெய்வானை நிழலுக்குப் போகாமல் வெயிலிலேயே நின்றாள். அந்தப் பக்கம் கட்டில் ஏறுகிற சத்தம், பாத்திர மூட்டை ஏறுகிற சத்தம், பாவாத்தாள் எதையோ வேண்டாம் வேண்டாம் என்கிற சத்தம். தெய்வானைக்கு ஒரு பயம் இருந்தது, அதை இவ்வளவு நாளும் கிட்டப் போய்ப் பார்க்காமல் வைத்திருந்தாள், இப்போது பார்த்தாள். சொன்னால் பாவாத்தாள் திட்டுவாள் என்ற பயம் அது என்றுதான் நினைத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். உண்மையில் பயம் வேறே. ஊரில் இவள் யார்? பாவாத்தாளுக்குக் கூடப்பிறந்தவளுக்கும் மேலே. இரண்டு மாசமாக அந்தப் பேரில் உட்கார்ந்து சாப்பிட்டாகிவிட்டது. சொன்ன நிமிசத்தில் அது போய்விடும். இவ்வளவு அற்பமான ஒன்றுக்காக ஒருத்தியை அவள் புத்தி மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேனே, நான் என்ன மனுசி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். என்னம்மா என்றார் மேஸ்திரி. ஒண்ணுமில்லீங் என்றாள். முப்பதாவது காலில் கட்டு விழுந்தது. போகட்டும், பேர் போகட்டும். கிளம்புவதற்கு முன்னால் பாவாத்தாள் எப்படியும் சந்துக்கு வருவாள், வராமல் போக மாட்டாள், வந்ததும் சொல்லிவிடுவது. இந்தத் தடவை அவளுக்கே தெரிந்தது, சொல்லிவிடுவாள். தெரிந்ததும் உடம்பு லேசானது, அழுகை வந்தது.

"அம்மா, கடைசி ரெண்டு கால்தான். அடைச்சிரலாமா?" என்று கேட்டார் ஆரோக்கியம். அவர் கேட்டு முடிப்பதற்குள் பாவாத்தாள் புல்லுக்குள் நடந்து வருவது தெரிந்தது. கொஞ்சம் இருங் என்று தெய்வானை சொன்னாள். அவள் சொன்னது அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. "இருக்க வேண்டாமுங், கட்டுங். ராகு காலம் வந்துரும், பாதில உட்டுட்டு எந்திரிக்கக் கூடாது" என்றாள் பாவாத்தாள். மேஸ்திரி வலையை இழுத்துச் சந்துக்குக் குறுக்கே நிறுத்தினார். நெஞ்சு உயரம். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"அக்கா, ஒண்ணு சொல்லோணுமுங்."

"சொல்லு அம்மிணி."

"அன்னைக்கு முள்ளை நீங்க சாத்துனீங். நான் கண்ணால பாத்தேன். பொறவு நாந்தான் அருவா எடுக்க அந்தப் பக்கம் வந்தேன். திரும்பிப் போறப்ப போன் வந்துது, சாத்தாமப் போயிட்டேன். நீங்க எதையும் மறக்குல. உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்கக்கா."

சொல்லிவிட்டாள். ஒரு மூச்சுதான் ஆனது. மேஸ்திரியும் மச்சினனும் தலையைக் குனிந்துகொண்டு கட்டினார்கள். தெய்வானை அடி விழக் காத்திருப்பவள் போல நின்றாள். பாவாத்தாளின் முகம் மெல்ல இளகியது. மேலே இருந்த பெரிய கட்டம் ஒன்றின் வழியாகக் கையை நீட்டி, இவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"நேத்தே கனகராசுகிட்டச் சொன்னேன். அவ மனசு தங்கம், நான் போறப்ப இப்படி ஏதாச்சும் சொல்லி என்னையத் தேத்தப் பாப்பான்னு."

"நெசமாலுமுங்கக்கா. சாமி சத்தியமா."

"வேண்டாம். எனக்காவப் பொய்ச் சத்தியம் பண்ணாதே" என்றாள் பாவாத்தாள். "நெசம் எனக்கில்ல தெரியும். முள்ளைத் தூக்கக் குனிஞ்சேன், இடுப்புப் புடிச்சுக்கிச்சு. செரி, பொறவு வந்து சாத்திக்கலாம்னு கோலை வேலில சாச்சு வெச்சுட்டுப் போனேன். கண்ணு முன்னால நிக்குது அம்மிணி. மத்ததெல்லாம் மறக்குது, அது ஒண்ணு மட்டும் மறக்க மாட்டீங்குது."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இடுப்புப் பிடிக்கவில்லை, பாவாத்தாள் சேலையை உதறிக்கொண்டு நேராகத்தான் நடந்து போனாள். இரண்டு மாசமாக ஒவ்வொரு நாளும் அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தேடி, ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் தானே ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து நாளைக்குள் சொல்லியிருந்தால் அந்த இடம் காலியாக இருந்திருக்கும், இவள் சொன்னது போய் உட்கார்ந்திருக்கும். இப்போது அங்கே வேறே ஒன்று குடியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல, எந்தச் சாமியை வைத்துச் சத்தியம் பண்ண. அக்கா, அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவாத்தாள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள், வளையல் கம்பியில் மாட்டி விடுபட்டது. அழுவாதே, உன்ற மாதிரி ஒருத்தி கெடைச்சதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கோணும் என்றாள். ஆரோக்கியம் கடைசி முறுக்கை முறுக்கி, மிச்சக் கம்பியைக் குறடால் வெட்டினார். ஆரன் அடித்தது.

டெம்போ புல்லை மிதித்துத் திரும்பி, வண்டித் தடத்தில் ஏறியது. பாவாத்தாள் முன்சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போய்விடும் என்று இருந்த வண்டி நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, காற்றில்லாத மத்தியானத்தில் நன்றாகக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"அம்மிணி, உன்ற சொம்பு மரத்தடில இருக்குது பாரு. மறந்துட்டுப் போயிட்டே."

வண்டி போய்விட்டது. மேஸ்திரி சாமான்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். தெய்வானை சந்து இருந்த இடத்தில் நின்று பார்த்தாள். வெள்வேல மரத்தடியில், கல்லுக்குப் பக்கத்தில், சொம்பு நிழலில் இருந்தது. குனிந்து அடியில் இருந்த சின்னக் கட்டத்துக்குள் கையை விட்டாள், முழங்கை வரைக்கும்கூடப் போகவில்லை. ரோட்டுப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும்.